சாரத்துண்டு கட்டிய குழாய்

முல்லைத்தீவுக் கரையில் வெயில் ஏறுகிறது. கடலில் தனியே மிதந்த பிரசாந்தனின் படகை மற்ற மீனவர்கள் இழுத்து வந்திருக்கிறார்கள். அவன் அதில் இல்லை. அவன் மனைவி யதுர்ஷிகா எஞ்சினருகே குந்தியிருக்கிறாள். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் போகும் பிளாஸ்டிக் குழாய் நடுவில் வெடித்திருக்கிறது. வெடிப்பின் மேல் அவன் தன் இடுப்பில் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துச் சுற்றி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டிருக்கிறான். துணி நனைந்து எண்ணெய் இன்னும் சொட்டுகிறது. "அண்ணி, தள்ளுங்கோ. இதை வெட்டிப்போட்டுப் புதுக் குழாய் பூட்டினாத்தான் நானும் அண்ணாவைத் தேடப் போகலாம்," என்று கத்தியோடு குனிகிறான் அவன் தம்பி நிரூபன். அவள் குழாயைக் கையால் பொத்திக்கொள்கிறாள். "வெட்டாதை தம்பி. வீட்டை வரவேணும் எண்டுதானே இவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறார். நான் அவிழ்த்துத் தாறன்." நகம் ஏறவில்லை. பல்லால் கடித்து இழுக்கிறாள். மண்ணெண்ணெய் உதட்டை எரிக்கிறது. முதல் முடிச்சு இளகியதும்தான் அவளுக்கு அழுகை வருகிறது.