மண்டியிட்டவன்

மாட்டு அறுப்புக்கூடத்து வேலை முடிந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் அப்பா, டீயைக் குடிக்காமல் புது மருமகனின் முகத்தையே பார்க்கிறார். பட்டப்பகலில் சன்னலைச் சாத்திக்கொண்டு, வீடியோ கேம் திரையில் ஆட்களைச் சுட்டுச் சுட்டுச் சிரிக்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று மனதுக்குள் நொந்துகொள்கிறார். நீல வெளிச்சம் அவன் பல்லில் மின்னுகிறது. திரையில் ஒருவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு, மண்டியிட்டுக் கும்பிடுகிறான். மருமகனின் கட்டைவிரல் நின்றுவிடுகிறது. "பாவம்டி, விட்டுடலாம்," என்கிறான். "நல்ல ஆம்பள! விட்டா முதுகுல சுடுவான்," என்று மகள் ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கி அழுத்துகிறாள். கும்பிட்ட கை சரிகிறது. "பொம்மைதானேப்பா, ஏன் இப்படி முழிக்கிறீங்க? டீ ஆறுது." ஆயுசெல்லாம் மாடு வெட்டியவர்தான் அவர், ஆனாலும் கத்தியை வைக்குமுன் அதன் கண்ணை ஒரு கையால் பொத்தாமல் வெட்டியதில்லை. மகள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மருமகன் மேலிருந்த பார்வையை அவர் மெல்ல அவள் பக்கம் திருப்புகிறார்.