முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

லத்தீபா எழுந்து நின்றபோது மண்டபத்தில் பாதிப் பேர் சாப்பாட்டுக்கூடத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் பொறியாளர் அகல்யா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

காரைக்குடிக்கு அடுத்த முப்பது ஆண்டுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று நீர் நிறுவனம் போட்ட திட்டம் அது. நானூறு பக்கம். எழுதியவள் அகல்யா. மக்கள் கேள்வி கேட்கலாம் என்று இன்றைக்குக் கூட்டம். சிவகங்கையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து நடத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரமாகத் திட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. தோண்டிய ரோட்டை மூடுவீர்களா என்றார் ஒருவர். மீட்டர் வைப்பீர்களா என்றார் இன்னொருவர்.

லத்தீபா பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். கையில் திட்டத்தின் நகல். ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள்.

"முந்நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தைக் கொஞ்சம் எடுங்க சார்."

அகல்யா தன் நகலைத் திறக்கவில்லை.

"அமராவதிபுதூர்ப் பக்கம் போட்ட ஒம்பது போர்லயும் நாள் முழுக்கத் தண்ணி வருதுன்னு எழுதியிருக்கீக. அடியில பொடி எழுத்துல, அளந்தது டிசம்பர்லன்னு இருக்கு. மழை முடிஞ்ச கையோட அளந்துட்டு, மே மாசம் எங்குட்டிருந்து தண்ணி குடுப்பீக?"

சாப்பாட்டுக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

பின்வரிசையில் அவள் தெருக்காரர் ஒருவர் பதறினார். "ஏம்மா, நம்ம தெருவுக்குத்தான் முதல்ல குழாய் வருது. கெடுத்துப்புடாத."

"குழாய் வரும்ணே. தண்ணி வரணும்ல?"

ஒரு பெண் சிரித்தாள். பிறகு கைதட்டல் கேட்டது.

கடையில் ஆள் வராத நேரமெல்லாம் லத்தீபா உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். அட்டவணைகளைக்கூட விடவில்லை. நிறுவனத்திலேயே இந்த நானூறு பக்கத்தையும் முழுதாகப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று அகல்யாவுக்குத் தெரியும்.

மேடையில் பக்கத்தில் இருந்த நிறுவன மேலாளர் சரவணகுமார் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். பொடி எழுத்தைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"அச்சுப் பிழையா இருக்கும்மா. உக்காருங்க."

லத்தீபா உட்காரவில்லை.

அகல்யா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பிழை இல்ல. டிசம்பர்லதான் அளந்தோம். அவுக கேக்குறது சரி."

சிவகங்கை அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். ஒன்பது ஆழ்துளைக் கிணறுகளையும் மே மாதம் மறுபடி அளக்க வேண்டும். அதுவரை திட்டத்துக்கு ஒப்புதல் இல்லை.

சரவணகுமார் தன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அகல்யாவின் பக்கம் சாய்ந்தார்.

"கோடையிலயும் அளக்கணும்னு நீ எழுதுன மூணு பக்கத்தையும் நானே அடிச்சு எடுத்தேன். இந்த வரி எப்படி உள்ள வந்துச்சு?"

"அச்சுக்கு அனுப்புன அன்னைக்கு நான்தான் சார் சேர்த்தேன்."

"எதுக்கு?"

கீழே லத்தீபா எச்சில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அகல்யா அவளையே பார்த்தாள்.

"யாராச்சும் படிப்பாகளான்னுதான் சார்."