தைல வாசனை

கைத்தடிகளைக் கீழே வைக்கச் சொன்னார்கள். பைகளையும்.

இனி ஒரு புதர்ச்சரிவுதான் பாக்கி. அதற்கு அந்தப் பக்கம் கொரில்லாக் குடும்பம் தழை தின்றுகொண்டிருப்பதாக, முன்னால் போன ஆட்கள் தகவல் அனுப்பியிருந்தார்கள்.

அவர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார்.

உடுமலையில் விலங்கியல் வாத்தியாராக இருந்த காலமெல்லாம் கரும்பலகையில் வரைந்த மிருகம். எத்தனை முறை வரைந்தும் அந்த நெற்றி மட்டும் சரியாக வந்ததே இல்லை. நேரில் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று உகாண்டா வரை வந்தாயிற்று. அனுமதி இன்றைக்கு மட்டும்தான். இன்னொரு பயணத்துக்கு முழங்கால் ஒத்துக்கொள்ளாது.

வழிகாட்டி கிரேஸ் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவரிடம் வந்ததும் நின்றாள். மோந்து பார்த்தாள்.

நீலகிரித் தைலம்.

"சளியா?"

"இல்லவே இல்லை."

அத்தோடு முடிந்திருக்கும். பக்கத்தில் நின்ற மனைவி கோமளவல்லி விட்டால்தானே? மலைக்குளிர் அண்டாமல் புருஷனைப் பாதுகாத்த பெருமை அவளுக்கு. தெரிந்த இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள். நேற்று ராத்திரி தும்மினார், லேசாகத்தான், நெஞ்சிலும் முதுகிலும் சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன்.

கிரேஸின் முகம் மாறியது.

"மன்னிக்கணும் ஐயா. நீங்கள் இங்கேயே இருங்கள்."

ஜீப்பில் வந்த செம்மண் தூசி என்றார். காய்ச்சல் இல்லை, நெற்றியைத் தொட்டுப் பார் என்றார்.

பிறகு பைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மனிதனின் சளி தொற்றினால் கொரில்லாவின் உயிருக்கே ஆபத்து என்று, விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்குகிற வரை பாடம் நடத்தியவரே அவர்தான்.

எரிச்சல் உச்சிக்கு ஏறியது. இவளை யார் கேட்டார்கள்?

அவளும் தன்னோடு உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தார். திட்டுவதற்காவது ஆள் வேண்டுமே. குரங்கைப் பார்க்க இத்தனை தூரமா, காசிக்குப் போகலாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள்தானே.

"நீங்க இருங்க. நான் பாத்துப்போட்டு வந்தர்றேன்."

போயேவிட்டாள்.

இலைகள் அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டன.

அவரும் பைகளும் தடிகளும் மிச்சம். காவலுக்கு ஒரு சுமைகாரர், சற்றுத் தள்ளி.

உடம்புக்கு ஒன்றுமில்லை. குத்துக்கல் மாதிரி இருக்கிறார். ஒரு சொட்டுத் தைலத்தால் ஆயுசின் ஆசை போயிற்று. ஊருக்குப் போகிற வரை அவளோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தார்.

அப்போது கேட்டது.

பொக், பொக், பொக், பொக்.

எழுந்துவிட்டார்.

ஆண் கொரில்லா நெஞ்சில் அறைகிற சத்தம். முஷ்டியால் அல்ல, உள்ளங்கையால். பிள்ளைகளுக்குச் சொன்னது சரிதான்.

எட்டிப் பார்த்தார். இலை. அதற்குப் பின்னாலும் இலை.

மூக்கு நமநமவென்றது.

அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. ஒரு தும்மல். இன்னொன்று. மூன்றாவது முகக்கவசத்தையே நனைத்துவிட்டது. சுமைகாரர் மெதுவாக இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

கோபப்படுவதற்குக்கூட வழியில்லாமல் போயிற்று. அழுகையாக வந்தது.

அவர்களுக்குக் கொடுத்த ஒரு மணி நேரம் முடிந்தது. எல்லோரும் சிரிப்பும் பேச்சுமாக இறங்கி வந்தார்கள். கடைசியாக அவள். சேலை முந்தானையெல்லாம் முள்.

வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகக்கவசத்தைக் கழற்றினாள். கண்ணீர் வழிந்து அதன் மேல்விளிம்பெல்லாம் நனைந்திருந்தது.

பேசுவதில்லை என்ற முடிவெல்லாம் எங்கே போயிற்றோ. நெற்றி எப்படி இருந்தது, மேடு எங்கே தொடங்குகிறது, குட்டி இருந்ததா. அத்தனையும் ஒன்றாகக் கேட்க வாயைத் திறந்தார்.

அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சொல்றனுங்க. குறுக்க பேசாதீங்க."



அவள் வெகுநேரம் தொடங்கவே இல்லை.