நூற்றுப் பன்னிரண்டு ரேகைகள்

"வாங்கினவங்க பதிவேட்டைக் கொண்டு வாங்க. நான் பார்க்கணும்."

சட்டமன்றக் கணக்குக் குழுத் தலைவரின் நாற்காலியில் இருந்தவள் இப்படிக் கேட்டதும், எதிரே இருந்த நலத்துறை இயக்குநரின் முகம் சுருங்கிவிட்டது. எதை வேண்டுமானாலும் கேள், பதிவேட்டை மட்டும் கேட்காதே என்று காலையிலேயே அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"தலைவர் அவர்களே, ரெண்டு கையும் இழந்த நூத்திப் பன்னிரண்டு பேருக்குச் செயற்கைக் கை கொடுத்தாச்சு. அறிக்கையிலயே இருக்கு."

"அறிக்கை நீங்க எழுதினது. கொடுத்தீங்களா இல்லையான்னு கேக்கத்தானே குழு?"

"எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்லை. அட்டைப்பெட்டி ஆலையில எங்கண்ணனுக்கு ரெண்டு கையும் போச்சு. மூணு வருஷமா உங்க ஆபீஸுக்கு மனு போட்டுட்டு நடையா நடக்கறோம். இன்னிக்குக் காலையிலகூட நான்தான் பல் தேய்ச்சு விட்டுட்டு வந்தேன். எங்கிருந்து வரும் நம்பிக்கை?"

"நாலு எழுத்து படிச்சிட்டா இப்படித்தான்" என்று இயக்குநருக்குப் பக்கத்திலிருந்த கணக்கு அதிகாரி முணுமுணுத்தார்.

"ஆமா, எங்க வீட்ல முதல்ல காலேஜ் வாசலை மிதிச்சவ நான்தான். அதனால ஒரு வரி விடாமப் படிப்பேன். எடுங்க."

இயக்குநர் கண்ணைக் காட்டினார். கணக்கு அதிகாரி வேண்டாவெறுப்பாகப் பதிவேட்டை நகர்த்தினார்.

புரட்டினாள். நாற்பத்தேழாவது வரியில் அண்ணன் பெயர். அவர்கள் வீட்டு விலாசம். 'செயற்கைக் கைகள் இரண்டும் பெற்றுக்கொண்டேன்.' அதற்கு நேராக, நீல மையில் பளிச்சென்று ஒரு கட்டைவிரல் ரேகை.

மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், மளமளவென்று பக்கங்களைத் தள்ளினாள். நூற்றுப் பன்னிரண்டு பேரும் ரேகை வைத்திருந்தார்கள்.

"சார்... ரெண்டு கையும் இல்லாதவங்க எந்த விரலை வெச்சாங்க?"

கணக்கு அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து, வாய்விட்டுச் சிரித்தார்.

"சபாஷ்! இதுக்குத்தான் ஒத்திகையே வைக்கிறது. நல்லவேளை, நிஜக் குழு நாளைக்குத்தான் வருது. தலைவர் வேஷம் போதும், எந்திரிம்மா. உன் கிளார்க் சீட்டுக்குப் போய், ரேகையே இல்லாம வேற பதிவேடு எழுதி முடி. உங்கண்ணனுக்கு ஒரு ஜோடி கை நானே வாங்கித் தர்றேன், போதுமா?"

"சரி சார்" என்று பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், தன் பிரிவுக்குப் போகும் மாடிப்படியைத் திரும்பியும் பார்க்காமல் வாசலுக்குப் போய், சட்டமன்றத்துக்கு எந்த பஸ் போகும் என்று காவலாளியிடம் கேட்டாள்.