பெல்ஜியத்துப் பத்தாம் நம்பர்

மொன்றியலுக்கு விளையாட வந்த பெல்ஜிய இளைஞர் அணியில் எல்லோருடைய கண்ணும் பத்தாம் நம்பர் மேல்தான். பிரெஞ்சில் சொன்னால் அவனுக்கும் விளங்கிவிடும் என்று, எதிரணியான உள்ளூர் லொங்குய்ய் தமிழ் அணியின் பயிற்சியாளர் றெக்ஸ் தமிழிலேயே கத்தினார்.

"இடப்பக்கம் மறியுங்கோடா!"

அவன் வலப்பக்கத்தால் போய்க் கோல் அடித்தான்.

"வலப்பக்கம்! வலப்பக்கம்!"

இடப்பக்கத்தால் இன்னொன்று. இப்படியே ஐந்து கோல். றெக்ஸுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஆட்டம் முடிந்ததும் பொரிந்து தள்ளினார். "நான் கத்தினது ஒருத்தருக்கும் கேக்கேல்லையோ?"

கப்டன் பிரசாந் தலையைச் சொறிந்தான். "கேட்டது கோச். உங்கட தமிழ்தான் பாதி விளங்கேல்லை."

கைகுலுக்க வந்த பத்தாம் நம்பர் சிரித்தான்.

"எனக்கு முழுக்க விளங்கினது அங்கிள். எங்கட அம்மா மன்னார்."