வெளியே வராத எலி

அவளுடைய ராஜினாமாக் கடிதத்தை ஆய்வக இயக்குநரே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். தேதிகூடப் போட்டாயிற்று; அவள் கையெழுத்துதான் பாக்கி.

"மூணு எலி. மூணும் மருந்து குடுத்த எலி. ஒண்ணாவது வெளிய வந்தா இந்தப் பேப்பரை இங்கேயே கிழிச்சுப் போடறேன்," என்றார்.

"சரி சார். அந்த அங்கியை மட்டும் மேல போட்டுக்குங்க," என்று கதவருகே தொங்கியதைக் காட்டினாள்.

"நான் என்ன எலியைத் தொடவா போறேன்? ஆரம்பிங்கம்மா." நாற்காலியை இழுத்துப் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

முழங்கால் உயரத்தில் நிற்கும் கூட்டல் குறி வடிவப் பலகை அது. அதன் நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்குக் கிடையாது. பயந்த எலி சுவருக்குள் பதுங்கும். பயம் தணிந்த எலி திறந்த பக்கம் நடந்து பார்க்கும்.

ஆய்வகத்தில் அவளை 'எலியம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். பயத்தைத் தணிக்கும் ஒரு மருந்தோடு பதினான்கு மாதம் மல்லுக்கட்டியவள். அவள் குறிப்பேட்டின்படி, மருந்து கொடுத்த எலிகளில் பத்துக்கு எட்டு வெளியே நடந்திருந்தன. அந்த எட்டுதான் இயக்குநரின் கண்ணை உறுத்தியது.

"எல்லாத்துக்கும் வீடியோ இருக்கு சார்."

"எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் தண்ணின்னு அது நெத்தியிலயா எழுதியிருக்கு?"

முதல் எலியைப் பலகையின் நடுவில் விட்டாள். அது இரண்டடி வைத்தது, மூக்கைத் தூக்கி மோந்தது, சுவருக்குள் ஓடி மூலையில் ஒட்டிக்கொண்டது. சோதனை நேரமான ஐந்து நிமிடமும் அசையவில்லை.

பலகையை நன்றாகத் துடைத்துவிட்டு இரண்டாவதை விட்டாள். அதுவும் அப்படியே.

"நீங்க தனியா இருந்தா எலிங்க ஊர்வலம் போகுது. நான் வந்தா மட்டும் ஒளிஞ்சுக்குதே, எப்படிம்மா?"

எண்களைத் திருத்தியவள் என்று ஒருமுறை பெயர் வாங்கினால், அப்புறம் எந்த ஆய்வகத்தின் கதவும் திறக்காது. அழுகை முட்டியது. இந்த மனிதர் முன்னால் மட்டும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாவது எலி கூண்டை விட்டே வர மறுத்தது. தூக்கிப் பலகையில் விட்டதும் விறைத்து நின்று, நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது.

"போதும்மா. ஊரெல்லாம் நாறாம மரியாதையா முடிச்சுக்கலாம்." கடிதத்தை மேசையில் வைத்துத் தன் பேனாவையே நீட்டினார்.

வாங்கக் குனிந்தவளின் கண் அவருடைய சட்டைக் கையில் நின்றது. நீலத் துணியில் மெல்லிய வெள்ளை முடிகள், ஏழெட்டு இருக்கும். அவர் தலையிலிருந்து உதிர்ந்திருக்கும் என்று சொல்ல, அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

அவள் பேனாவை வாங்கவில்லை.

"சார், உங்க வீட்ல பூனை இருக்கா?"