சிந்தாத பாப்கார்ன்

ஒரு தியேட்டரில் குடியிருந்த எலிதான் அங்கே பெரிய விமர்சகர். காட்சி முடிந்ததும் சீட்டுகளுக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து தீர்ப்புச் சொல்லும். பாப்கார்ன் நிறையச் சிந்தியிருந்தால் படம் பிரமாதம். இல்லாவிட்டால் குப்பை. அதன் பேச்சைக் கேட்டுத்தான் கரப்பான்கள் எந்தப் படத்துக்குப் போவதென்று முடிவு செய்யும்.

பெரிய நடிகரின் படம் முடிந்தபோது தரையே வெள்ளையாகக் கிடந்தது. "காவியம்!" என்றது எலி. அடுத்து, பேர் தெரியாத யாரோ எடுத்த சின்னப் படம். தரையில் ஒன்றுகூட இல்லை. "குப்பை."

"ஆளுக்கொரு டப்பா வாங்கிட்டுத்தானே அண்ணே உள்ள போனாங்க? அப்புறம் ஏன் சிந்தல?" என்றது ஒரு கரப்பான்.

"அதையும்தான் பார்த்துடுவோமே."

மறுநாள் அதே படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டும் உள்ளே போயின. மடியில் டப்பா நிறைய பாப்கார்னை வைத்துக்கொண்டு எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய டப்பாவிலிருந்து எலி ஒன்றை உருவியது. அப்படி என்னதான் இருக்கிறதென்று முதல் முறையாகத் திரையை நிமிர்ந்து பார்த்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கரப்பான் கேட்டது. "படம் எப்படிண்ணே?"

"சும்மா இரு."

எலியின் கையிலிருந்த பாப்கார்ன் நழுவி விழுந்தது. கரப்பான் அதைத் தின்றே முடித்துவிட்டது. எலி குனிந்துகூடப் பார்க்கவில்லை.